வறட்சிக்கு வாடகை கொடுத்த பந்தயக் கார்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேருக்கு ஒரு வண்டியை நிறுத்தி வைக்கத் தெரியும்? சிரிக்காதீர்கள். பிரேக்கை மிதித்துச் சாவியை உருவிக்கொண்டு இறங்குவதை நான் கேட்கவில்லை. ஓடிப் பழகிய எஞ்சினை மாதக்கணக்கில் தூங்கப்போட்டு, கூப்பிட்ட அன்றைக்கு முரண்டு பிடிக்காமல் எழுந்து வரும்படி வைத்திருக்க வேண்டும். அதுதான் நிறுத்தி வைப்பது. உங்களுக்கெல்லாம் கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும், மாட்டி முடித்த பிறகு கையில் மிஞ்சிய நட்டை யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொள்ளவும் தெரியும். நிறுத்தி வைக்கத்தான் எவனுக்கும் பொறுமை கிடையாது.

இத்தனை வருஷத் தொழிலில் என் புத்தி உண்மையாகவே வேலை செய்த நாள் எது என்று கேட்டால், திருச்சுழிப் பாதையில் என்னை உயிரோடு உட்காரவைத்துப் பெண்கள் கூட்டமாக ஒப்பாரி வைத்தார்களே, அந்த நாளைத்தான் சொல்வேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அன்றைக்கு உடனே சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அது சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன். அருப்புக்கோட்டையில் ஒரு ராவுத்தர் முதலாளியின் பஸ் பட்டறையில் நான் மெக்கானிக். முதலாளிக்குச் சொந்த ஊர் வீரசோழன். பருத்தி வியாபாரம், கூடவே பஸ். பஸ் எல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் ஒரு கொதிகலன் மாதிரி அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் எஞ்சின் ஓட வேண்டும். ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். திருச்சுழி போய்ச் சேர்வதற்குள் டிரைவர், கண்டக்டர், டிக்கெட் வாங்கியவர் எல்லோருக்கும் ஒரே நிறம் வந்துவிடும். சொந்தப் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது.

அப்படிப்பட்ட பட்டறை வாசலில் ஒருநாள் ஒரு லாரி வந்து நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார். கூட வந்தவர் ராஜரத்தினம். தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கிற பெரிய குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார், லாரிப் பட்டறை அதிகாரியாகப் பர்மா பக்கம் போகிறார். இறங்கியதும் அவர் முதலாளியிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் ஊரில் ஈரம் உண்டா என்பது.

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். கேலி செய்ய வந்தவன் என்று நினைத்துவிட்டார். "தம்பி, எங்க ஊருல கண்ணீரே ரேஷன்லதான் வருது" என்றார்.

அதைக் கேட்டதும் ராஜரத்தினத்தின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தார்ப்பாயை விலக்கினார். அடேயப்பா! நீளமான நீல மூக்கு, கதவே இல்லாத இரண்டு சீட், கம்பிச் சக்கரம். பந்தயக் கார். அது பெட்ரோலில் ஓடாது. ஸ்பிரிட்டில் ஓடும். படித்தவர்கள் எத்தனால் என்பார்கள். கரும்பாலையில் காய்ச்சி எடுக்கிற சரக்குதான், ஆனால் குடித்தால் குடல் வெந்துபோகும்படி எதையோ கலந்து வைத்திருப்பார்கள். இந்த ஸ்பிரிட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சேர்ந்த ஸ்பிரிட் அலுமினியத்தை அரித்துவிடும், கார்புரேட்டருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கடற்காற்றில் வண்டியை வைத்துவிட்டுப் போனால், சண்டை முடிந்து திரும்பும்போது எஞ்சின் இருந்த இடத்தில் சுண்ணாம்புதான் இருக்கும். அதனால் இந்தச் சீமையிலேயே காய்ந்து கிடக்கிற ஊர் எது என்று விசாரித்திருக்கிறார். எல்லோரும் ஒரே வாயாக எங்கள் ஊரைச் சொல்லியிருக்கிறார்கள்.

திருச்சுழிப் பாதையில் முதலாளிக்குப் பருத்தியைச் சேர்த்துவைக்கிற ஒரு கிட்டங்கி இருந்தது. ஓலைக் கூரை, மண் சுவர், சுற்றிலும் கரிசல் காடு. அதில் ஒரு பக்கத்தை வாடகைக்குப் பேசினார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சந்தையிலேயே ஆரம்பித்துவிட்டார். தரித்திரம் பிடித்த இந்த வெயிலுக்கு ஒருத்தன் வாடகை தருகிறான், நம் வறட்சியை விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்திருக்கிறான் என்று கண்டவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அவருக்கு அது நல்ல வேடிக்கை. அந்த வேடிக்கை பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

போவதற்கு முன் ராஜரத்தினம் என்னை மட்டும் கிட்டங்கிக்குள் கூப்பிட்டார். ஏறி சீட்டில் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடவில்லை, ஒன்றுமில்லை. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு இறங்கி, "பத்திரமா பாத்துக்கோ தம்பி. நான் வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். நானும் சரி என்றேன். பட்டாளத்துக்குப் போகிற மனுஷனிடம் சொன்ன சரி அது. சம்பளத்துக்காகச் சொல்கிற சரியைப் போல இல்லை. முதலாளியும் தன் பங்குக்கு, வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் நீ வேறு வேலை தேடிக்கொள் என்று சொல்லிவைத்தார்.

சாமுவேல் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். சாமுவேல் என்பது அடியேன்தான். டயர் தரையில் படாமல் பனங்கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினேன். டாங்கியைச் சொட்டு இல்லாமல் வடித்தேன். மிச்ச ஸ்பிரிட்டை ஒரு டிரம்மில் ஊற்றி வாயை மெழுகு வைத்து அடைத்தேன். வண்டியைச் சுற்றி மண் சட்டிகளில் நீற்றாத சுண்ணாம்புக் கல் வைத்தேன். எங்கிருந்தாவது ஈரம் வந்தால் அது இழுத்துக்கொள்ளும். பூச்சிக்கு வேப்பிலைக் கொத்து. பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் தைலம், அதனால் பிளக்கைக் கழற்றி உள்ளே விளக்கெண்ணெய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் போய், புழுதி வராமல் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, எஞ்சினைக் கையால் சுற்றிவிடுவேன். உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று பெருமூச்சு வரும். அருமையான ஏற்பாடு. இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அதை வெளியே நின்று பார்த்தவர்களை யோசித்துப் பாருங்கள். உப்பளத்துக்காரருக்கு மழை ஆகாது, பெய்தால் பாத்தியில் உப்பு கரைந்துவிடும், அதனால் அவர்கள் மந்திரவாதியைப் பிடித்து மழையைக் கட்டிவைப்பார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இங்கே ஒரு உப்பளத்துக்காரர் வந்து வறட்சிக்கு வாடகை கொடுத்திருக்கிறார். முதலாளியே தன் வாயால் சொல்கிறார். கிட்டங்கிக்குள் வேப்பிலை. சுற்றிலும் சட்டியில் சுண்ணாம்பு. விளக்கெண்ணெய் வாசம். ஞாயிறுதோறும் ஒருத்தன் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறான், உள்ளே ஏதோ பெருமூச்சு விடுகிறது. போதாக்குறைக்கு அந்த வருஷம் ஆவணியிலும் மழையில்லை, புரட்டாசியிலும் மழையில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்? நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் நானே நம்பியிருப்பேன்.

வேப்பிலையும் விளக்கெண்ணெயும் எனக்குக் கொண்டுவந்து தந்தது பேச்சியக்கா. கிட்டங்கிக்குப் பக்கத்து ஊர். புருஷன் இல்லை. இரண்டு குறுக்கம் கரிசல் நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையை நம்பிப் புழுதியிலேயே சோளம் விதைத்திருந்தாள். எங்கள் பக்கம் அப்படித்தான், முதலில் விதை, பிறகு மழை. மழை தள்ளிப்போனால் விதையை எறும்பு கொண்டுபோய்விடும், மறுபடி விதைக்கக் கையில் விதை இருக்காது. இந்தப் பேச்சியக்காதான் சுற்று வட்டாரத்துக்கே ஒப்பாரிக்காரி. அவள் வந்து உட்கார்ந்தால்தான் சாவு வீட்டில் அழுகை களைகட்டும். யாருக்கு என்ன சொல்லி அழவேண்டும் என்பதில் அவ்வளவு கறார்.

மழை பொய்த்தால் ஊரில் கொடும்பாவி இழுப்பார்கள். வைக்கோலில் ஒரு ஆள் செய்து, ஊரின் பாவத்தையெல்லாம் அவன் தலையில் ஏற்றி, வடம் கட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் கண்மாயில் வைத்து எரித்துவிடுவார்கள். அந்த அழுகைக்கு மனமிரங்கி வானம் பெய்யும். அந்த வருஷம் இரண்டு தடவை இழுத்து, இரண்டு தடவை எரித்தார்கள். வானம் அசையவில்லை.

ஐப்பசி பிறந்து, வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு ஞாயிறு மத்தியானம். நான் கிட்டங்கிக்குள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதலாளி வீரசோழனில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். வெளியே கொட்டுச் சத்தம். கதவைத் திறந்தால் ஊரே நிற்கிறது. ஆண்கள் கையில் கிணற்றில் நீர் இறைக்கிற கமலை வடம், ஒரு இளவட்டத்தின் கையில் எரிகிற தீப்பந்தம், முன்னால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேச்சியக்கா.

"ஏலே சாமுவேலு, ஒன் மேல எங்களுக்குக் கோவமில்ல" என்றாள். "அந்த உப்பளத்தான் வண்டிதான் மழையக் கட்டி வச்சிருக்கு. அதக் கம்மாய்க்கு இழுத்துட்டுப் போயி எரிக்கப் போறோம். நீ தள்ளி நில்லு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பேன் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு இந்தத் தொழில் வேண்டாம். மேலே ஓலைக் கூரை, உள்ளே பருத்தி, மூலையில் ஒரு டிரம் ஸ்பிரிட், வெளியே பந்தம். கதவைச் சாத்தினால் பந்தம் கூரைக்கு வரும். வண்டியோடு நானும் போவேன், கதவருகே நிற்கிறவர்களும் போவார்கள். ஸ்பிரிட் தீயைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பட்டப்பகல் வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, சிவப்பு கிடையாது. தோல் வெந்த பிறகுதான் தீ இருப்பதே தெரியும். அந்தக் கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள்.

ஆகவே வண்டி வெளியே வரத்தான் வேண்டும். அதை எரிக்காமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் மிச்சம். எஞ்சினைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் விளக்கிப் பார்த்தேன். ஈரம் என்று சொன்னதும் கூட்டம் இன்னும் கொதித்தது. பார்த்தாயா, ஈரத்தை இழுக்கத்தான் சுண்ணாம்பு வைத்தேன் என்று அவனே ஒத்துக்கொள்கிறான் என்றார்கள். என் வாயாலேயே நான் கெட்டேன். அப்போதுதான் எதிரே நிற்கிறவள் தொழில்காரி என்ற நினைப்பு வந்தது.

"அக்கா, எரிக்கிறது இருக்கட்டும். இரும்புக்கு எங்கயாச்சும் ஒப்பாரி வச்சிருக்கீகளா?" என்று கேட்டேன். "தலையில்ல, மொகமில்ல, அப்பன் பேரு தெரியாது. என்னத்தச் சொல்லி அழுவீக?"

பேச்சியக்காவுக்கு அது உறைத்தது. காருக்கு ஒப்பாரி வைத்தாள் என்ற பேர் வந்தால் அப்புறம் எந்தச் சாவு வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள்? பின்னால் திரும்பி, முறைப்படி மனிதன் வேண்டும் என்று சொன்னாள். சரி, வைக்கோல் ஆளை இழுக்கப் போகிறார்கள், வண்டி தப்பியது என்று நான் நினைத்தேன். அந்தப் பந்தக்காரன் இருக்கிறானே, அவன் சும்மா இருக்கவில்லை. வைக்கோல் ஆளைத்தான் இரண்டு தடவை பார்த்துவிட்டோமே, இந்தத் தடவை இவனையே வண்டியில் உட்காரவை என்றான். எல்லோரும் சரி என்றார்கள். எரிக்கும்போது நான் இறங்கிக்கொள்ளலாமாம். அவ்வளவு பெரிய மனசு.

வண்டியைத் தயார் செய்யக் கொஞ்சம் அவகாசம் கேட்டுக் கதவைச் சாத்தினேன். முதல் வேலையாக டிரம்மிலிருந்து ஒரு செம்பு ஸ்பிரிட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வாயை மறுபடி மெழுகால் அடைத்து, அதைப் பின்வாசல் வழியாக உருட்டிப் பள்ளத்தில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினேன். பனங்கட்டையை எடுத்தேன். பிளக்கைத் துடைத்து மாட்டினேன். அப்புறம் டாங்கி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் அவ்வளவு கஷ்டமான யோசனை வேறு இல்லை.

காலி டாங்கியோடு போனால் எரிந்தாலும் வண்டி மட்டும்தான் எரியும், ஆட்கள் பிழைப்பார்கள், ராஜரத்தினத்திடம் சொன்ன சரி பொய்யாகும். ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டு போனால் தப்பிக்க ஒரு வழி உண்டு. பந்தயக் காருக்குத் தானாகக் கிளப்பிவிடுகிற செல்ஃப் கிடையாது, ஆட்கள் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எப்போதும் தள்ள ஆள் தேடி அலைவோம். இன்றைக்கு ஊரே வடம் பிடிக்கத் தயாராக நிற்கிறது! ஆனால் ஸ்பிரிட்டும் பந்தமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும்? யோசித்து அந்த ஒரு செம்பை மட்டும் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஓடும், எரிந்து தீர்ந்துவிடும், பெரிதாகப் பற்றவும் சரக்கு இருக்காது. ஸ்பிரிட்டில் எஞ்சின் எடுத்ததும் கிளம்பாது என்பதால், கார்புரேட்டரில் மருந்துக் குப்பியிலிருந்த பெட்ரோலை நாலு சொட்டு விட்டேன். கதவைத் திறந்து, பந்தம் எல்லோருக்கும் கடைசியில்தான் வர வேண்டும், முன்னால் வந்தால் மேகம் பயந்து ஓடிவிடும் என்று ஒரு சாஸ்திரத்தை அந்த நிமிஷத்தில் பிறப்பித்தேன். பேச்சியக்கா அது தன் பாட்டன் காலத்து வழக்கம் என்று உடனே ஒத்து ஊதினாள். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை உண்மைதானோ என்று.

என் கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டார்கள். முகத்தில் கரி பூசினார்கள், அது எனக்குப் பழக்கம்தான். வண்டியின் வாலில் ஒரு வைக்கோல் ஆளையும் கட்டித் தொங்கவிட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. இழுக்க ஆரம்பித்தார்கள். பேச்சியக்கா குரலெடுத்தாள். நான் எவ்வளவு பெரிய பாவி, எந்தெந்தக் கண்மாயை வற்றவைத்தேன், யார் யார் வயிற்றில் அடித்தேன், என்னைப் பெற்றவள் என்ன பாவம் செய்தாள் என்று ஒன்றுவிடாமல் பாடினாள். கூட்டம் சேர்ந்து அழுதது. நடுவில், என் மூக்கு எள்ளுப்பூ மாதிரி இருக்கும் என்றும் ஒரு வரி வந்தது. செத்தவனை நாலு வார்த்தை புகழ்வது முறையாம். கல்யாணமாகாத பையன், மூக்கைப் பற்றி யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

கண்மாய்க் கரை ஏறியதும் கீழே பார்த்தேன். கடைசியில் வரவேண்டிய பந்தக்காரன் குறுக்கு வழியில் ஓடிப்போய், கண்மாய்க்குள் பனையோலையைக் குவித்துப் பற்றவைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருக்கிறான். கரையிலிருந்து இறக்கம் நேராக அவனிடம்தான் போகிறது. டாங்கி மூடியில் ஸ்பிரிட் கசிந்து என் வேட்டி வேறு நனைந்திருக்கிறது. அந்தத் தீக்குப் பக்கத்தில் இந்தக் கூட்டத்தோடு நான் போனால், யார் மேல் பற்றியது என்றே ஒருவருக்கும் தெரியாது. அங்கே போய்ச் சேரக்கூடாது, அவ்வளவுதான். வேறு யோசனையே இல்லை. வடத்தை விட்டுவிட்டு ஒதுங்குங்கள் என்று கத்தினேன். ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டாவது கியரைப் போட்டேன். இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. இழுத்தவர்கள் தாங்களாகவே விலகி இரண்டு பக்கமும் ஓடினார்கள். கிளச்சை விட்டேன்.

ஒரு இருமல். இன்னொரு இருமல். அப்புறம் வந்ததே ஒரு சத்தம்!

கரி பஸ்ஸின் முனகலையே கேட்டுப் பழகிய காது எங்களுக்கெல்லாம். இடி தரையிலிருந்து கிளம்பியது போல இருந்தது. கரையிலிருந்த ஆடெல்லாம் திருச்சுழியைப் பார்க்க ஓடின. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். தீயை ஒரு பனைமரத் தூரத்தில் விட்டுவிட்டு வண்டி காய்ந்த கண்மாய்க்குள் பாய்ந்தது. தண்ணீர் இல்லாத கண்மாயைவிட நல்ல பந்தயத் தரை உலகத்தில் எங்கே கிடைக்கும்? மூன்றாவது கியர். காற்று என் கன்னத்தை இழுத்துக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனது. வாலில் கட்டிய வைக்கோல் ஆள் ஆகாயத்தில் பறந்துவந்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் சிரிக்க ஆரம்பித்தேன். எருக்கம்பூ மாலையோடு, கரி பூசிய முகத்தோடு, தன்னந்தனியாக, பைத்தியக்காரன் மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன். கரையைப் பார்த்தால் ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்து வரிசையாக நிற்கிறார்கள். அவர்களும் சிரிக்கிறார்கள்! வேட்டியை அவிழ்த்து வீசுகிறவன் என்ன, குலவை போடுகிறவள் என்ன. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் கொடும்பாவியை இந்த வேகத்தில் இழுத்தது கிடையாது.

ஸ்பிரிட் தீர்ந்து வண்டி நடுக் கண்மாயில் தானாக நின்றது. பேச்சியக்கா முதல் ஆளாக வந்தாள். வண்டியின் வாலில் தொங்கிய கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். முடிச்சுதான் இருந்தது. வைக்கோல் ஆள் கண்மாய் முழுக்கத் தூசியாகிக் கிடந்தான். பந்தக்காரனும் வந்து சேர்ந்தான். அவனை ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாவி பொடிப்பொடியாப் போயிட்டான். இனிமே இங்க எரிக்க ஒண்ணுமில்ல. எல்லாரும் தலை முழுகிட்டு வீட்டுக்குப் போங்க."

அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார்கள். வண்டியைத் திரும்பக் கிட்டங்கிக்கு அவர்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் ஒரே சிரிப்பு. பேச்சியக்கா மட்டும் சிரிப்புக்கு நடுவில் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அது வலித்தது. என் வண்டி தப்பித்துவிட்டது, அவளுடைய விதை இன்னும் புழுதியில்தான் கிடந்தது.

அந்த வாரமே பெய்தது பிள்ளைகளே. அப்படி ஒரு மழை! ஐப்பசியில் மழை பெய்வதற்கு என் கார் வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும், ஊருக்குச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் தெருவில் நனைந்து ஆடுகிறார்கள். நான் மட்டும் புதுச் சுண்ணாம்புக் கல்லைத் தார்ப்பாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிட்டங்கிக்கு ஓடுகிறேன். கூரை ஒழுகுகிறது, வண்டியைத் துடைத்துத் துடைத்து என் கை தேய்கிறது. பேச்சியக்காவின் சோளம் முளைத்துவிட்டதாக அவளே வந்து சொன்னபோது, சந்தோஷத்தில் அழுதேன், உடனே டாங்கிக்குள் கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

வீரசோழனிலிருந்து வந்த முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். தான் சந்தையில் விட்ட வாய்வீச்சுதான் காரணம் என்று அவருக்கும் தெரியும், அதனால் அதிகம் கத்தவில்லை. வண்டியின் வாலில் கயிறு உரசிய ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தப் பிள்ளை திரும்பி வந்து என்ன சொல்கிறாரோ அதுதான், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்தக் கோட்டை எண்ணெய்த் துணியால் தேய்த்துப் பார்ப்பேன், போகாது.

சண்டை முடிந்து ராஜரத்தினம் வந்தார். திருச்சுழி பஸ்ஸில் வந்து கிட்டங்கி வாசலில் இறங்கினார். கையில் தடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே கட்டையாக இருந்தது. அவர் வண்டியைச் சுற்றி மெல்ல நடந்தார். எஞ்சின் மூடியைத் திறந்தார், விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வெள்ளையாக எதுவும் பூக்கவில்லை, ஒரு துரு இல்லை. அப்புறம் வாலுக்கு வந்தார். கோட்டைப் பார்த்தார்.

முதலாளி, மாடு முட்டிவிட்டது என்று ஆரம்பித்தார். அதற்குள் யார் வந்தது என்கிறீர்கள்? பேச்சியக்கா. கொடும்பாவி வண்டிக்காரர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தன் சோளக்காட்டிலிருந்து நேரே வந்துவிட்டாள். நடந்ததை ஆதியோடந்தமாக, கையை ஆட்டி, இருமலுக்கு இருமி, இடிக்கு இடித்து, வைக்கோல் ஆள் பறந்ததுவரைக்கும் நடித்தே காட்டிவிட்டாள். ராஜரத்தினத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னால இனிமே ஓட்ட முடியாது தம்பி. கிளச்ச மிதிக்கக் கால் வேணும்லா" என்றார். "நீ ஓட்டுனேல்லா. எப்படி இருந்துச்சு?"

இறக்கத்தில் இரண்டாவது கியர், நாலு சொட்டுப் பெட்ரோல், விளக்கெண்ணெய்ப் புகை என்று உளற ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். அதைக் கேட்கவில்லை என்றார்.

"சிரிப்பு வந்துச்சு அண்ணாச்சி" என்றேன். "தீ பக்கத்துல இருக்கு, வேட்டி நனைஞ்சிருக்கு, வேலை போகப் போகுது. அம்புட்டும் தெரியுது. ஆனா சிரிப்ப நிறுத்தவே முடியல."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்கும் அதேதான், ஒவ்வொரு தடவையும் அதேதான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். பிறகு தடியை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டு, பேச்சியக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பள்ளத்திலிருந்து அன்றைக்கே தோண்டி எடுத்து வைத்திருந்த டிரம்மைத் திறக்கச் சொன்னார். டாங்கி நிறைய ஊற்றச் சொன்னார்.

கண்மாயில் தண்ணீர் கிடந்ததால் பாதையில்தான் எடுத்தோம். முதலாளியும் பேச்சியக்காவும் காட்டில் நின்ற ஆட்களும் சேர்ந்து தள்ளினார்கள். திருச்சுழி வரைக்கும் போய்த் திரும்பினோம். மூன்றாவது கியர் விழுந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்து என்னமோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவர் சிரிப்பது மட்டும் தெரிந்தது.